எட்டு முறை ஆஃப்சைடு: ஃபிளிக்கின் பார்சிலோனா எதை நம்பி அவ்வளவு முன்னே நிற்கிறது?

26 அக்டோபர் 2024, மாட்ரிட் நகரின் பெர்னபேவ் மைதானம். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரியல் மாட்ரிட்டின் கிலியன் எம்பாப்பே பார்சிலோனாவின் கடைசி வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடினார். ஓடி வந்து மறித்த கோல்கீப்பர் இனாகி பெனியாவின் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிவிட்டார். வலை அசைந்தது, மைதானம் எழுந்து ஆர்ப்பரித்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் கோடு போட்டுக் காட்டினார்கள்: ஆஃப்சைடு. பந்து அவருக்கு உதைக்கப்பட்ட கணத்திலேயே அவர் கடைசித் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி நின்றிருந்தார், கோல் செல்லாது.

அது ஒரு முறை நடந்த விபத்து இல்லை. அன்று எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் சிக்கினார். ரியல் மாட்ரிட் அணி மொத்தம் 12 முறை. இடைவேளை வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதன்பின் லெவன்டோவ்ஸ்கி இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் போட்டார், லமின் யமால் ஒன்று, ரஃபீன்யா ஒன்று, 4-0. ஸ்பெயினின் முதல்நிலைத் தொடரான லா லீகாவில் 42 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணியை அதன் சொந்த மைதானத்தில் வைத்து இப்படிச் செய்தார்கள். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் தோற்காமல் இருந்திருந்தால் பார்சிலோனாவின் 43 ஆட்டச் சாதனையை மாட்ரிட் தொட்டிருக்கும்.

எம்பாப்பேக்கு ஓட்டத்தின் நேரம் பிடிபடவில்லை என்று பலர் சொன்னார்கள். பார்சிலோனாவின் நான்கு தடுப்பாட்டக்காரர்கள் அபாரமாகப் பொறி வைத்தார்கள் என்று வேறு பலர். நான் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது என் கண் எம்பாப்பேயை விட்டுவிட்டு, அவருக்குப் பந்து கொடுக்க வேண்டியவர்கள் மேலேயே போய் நின்றது. வால்வெர்டே, சுவாமேனி, கமவிங்கா, பெல்லிங்ஹாம். இவர்களில் யாருக்காவது நிமிர்ந்து பார்க்க ஒரு முழு விநாடி கிடைத்ததா? பார்சிலோனாவின் தடுப்பு வரிசை எவ்வளவு முன்னே நிற்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த ஒரு விநாடிதான். நான்கு தடுப்பாட்டக்காரர்களின் துணிச்சலுக்கான ஈடு அவர்களுக்கு 30 மீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருப்பவர்களின் கால்களில் இருக்கிறது.

பார்சிலோனா பயிற்சியாளர் ஹன்ஸி ஃபிளிக்கின் அமைப்பு காகிதத்தில் 4-2-3-1. அன்று பின்னால் குந்தே, குபர்சி, இனிகோ மார்டினஸ், பால்டே. அவர்களுக்கு முன் பெட்ரியும் 21 வயது மார்க் கசாடோவும். அதற்கும் முன் யமால், ஃபெர்மின் லோபஸ், ரஃபீன்யா. உச்சியில் லெவன்டோவ்ஸ்கி. ஆனால் எண்களை ரொம்ப நம்ப வேண்டாம். பந்து எதிரணியிடம் போனதும் இந்த எண்கள் கலைந்துவிடும். ஃபெர்மின் ஏறி லெவன்டோவ்ஸ்கிக்குப் பக்கத்தில் வந்தால் 4-4-2. ஓரங்களில் ஆடும் இரண்டு விங்கர்களும் (யமால், ரஃபீன்யா) சேர்ந்து ஏறினால் கிட்டத்தட்ட 4-2-4. யார் எங்கே நிற்கிறார் என்பதைவிட, பந்து ஒருவர் காலில் இருந்து இன்னொருவர் காலுக்குப் போகும் அந்த நேரத்துக்குள் யார் யாரை நோக்கிப் பாய்கிறார் என்பதே விஷயம்.

ஓர் உதாரணத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மாட்ரிட் கோல்கீப்பர் பந்தை வலப்பக்க சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) மிலிட்டாவுக்குத் தட்டுகிறார். லெவன்டோவ்ஸ்கி அவரை நோக்கி நேர்கோட்டில் ஓடமாட்டார். வில் போல வளைந்து ஓடுவார். அந்த வளைவில் மிலிட்டாவுக்கும் இன்னொரு சென்டர் பேக் ரூடிகருக்கும் இடையிலான பாதை அடைபட்டுப்போகும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை: ஆளை நெருங்குவதும், திருப்பிக் கொடுக்கும் வழியைச் சாத்துவதும். ஃபெர்மின் அதற்குள் நடுவில் நிற்கும் சுவாமேனியின் முதுகில் ஒட்டியிருப்பார். மைதானத்தின் பாதி இப்போது மிலிட்டாவுக்கு இல்லை. அவருக்கு மிச்சம் இருப்பது வலப்பக்க ஓரத்தில் நிற்கும் லூகாஸ் வாஸ்கெஸ். அவருக்கும் மிலிட்டாவுக்கும் நடுவில், இருவரையும் எட்டும் தூரத்தில், ரஃபீன்யா காத்திருப்பார்.

அந்தப் பாஸை அவர்கள் வேண்டுமென்றே திறந்து வைத்திருக்கிறார்கள். பந்து ஓரத்துக்குப் போகட்டும் என்பதுதான் திட்டம். ஓரத்தில் பந்தை வாங்குபவருக்கு ஒரு பக்கம் கோடு. கோடு நகராது, களைப்படையாது, ஏமாறாது. ரஃபீன்யா முன்னால் இருந்து வருகிறார், பின்னால் இருந்து பால்டே ஏறுகிறார், உள்ளே திரும்பினால் பெட்ரி நிற்கிறார். நீண்ட உதையாக அடித்துவிடுவதைத் தவிர அந்த ஆளுக்கு வழி இல்லை. அதுவும் குனிந்த தலையோடு, சரியாகக் குறி பார்க்காமல்.

எப்போது பாய்வது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. பந்து வாங்குபவர் தன் கோலைப் பார்த்தபடி நிற்கிறார், பாஸ் மெதுவாக உருண்டு வருகிறது, பந்து துள்ளுகிறது, முதல் தொடுதல் காலை விட்டு விலகுகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டதும் பக்கத்தில் இருக்கும் மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஒருவர் மட்டும் கிளம்பி மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நின்றால், அந்த ஒருவர் ஓடியது வீண். வீண் என்பதோடு போகாது, அவர் விட்டுவந்த இடம் ஓட்டையாகும். இப்படி மேலேறிப் போய் நெருக்கும் பிரஸ்ஸிங் ஆடும் அணிகளைப் பார்க்கும்போது அதிகம் ஓடுகிறவரைப் புகழ்வது நம் வழக்கம். இரண்டாவதாகக் கிளம்புகிறவரைப் பாருங்கள் என்பேன். அணி பயிற்சி பெற்றதா இல்லையா என்பது அவரிடம் தெரிந்துவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பெரிய மைதானத்தின் வழக்கமான அளவு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். மொத்தம் 7140 சதுர மீட்டர். பார்சிலோனாவின் கடைசி வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, லெவன்டோவ்ஸ்கி அதற்கு 30 மீட்டர் முன்னால் நிற்கிறார் என்றால், ஆட்டம் நடக்கக்கூடிய பட்டை 2040 சதுர மீட்டராகச் சுருங்குகிறது. இருபது பேர் அதற்குள். ஒருவரிடம் இருந்து இன்னொருவர் எப்போதும் சில எட்டுகள்தான். பின்வரிசை 15 மீட்டர் கீழே இறங்கினால் பட்டை 45 மீட்டராகும், பரப்பு ஒன்றரை மடங்காகும். அதே ஆட்கள், அதே ஓட்டம், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேர்வார்கள். அந்த ஒரு விநாடியில் பெல்லிங்ஹாம் போன்ற ஒருவர் திரும்பி, நிமிர்ந்து, எம்பாப்பே எங்கே என்று பார்த்துவிடுவார். முன்னால் பிரஸ் செய்வதற்குப் பின்னால் ஏறி நிற்க வேண்டும். பின்னால் ஏறி நிற்பதற்கு முன்னால் பிரஸ் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் தனியாகக் கடன் வாங்க முடியாது.

அந்த நான்கு பேரின் வேலையைக் கபடியில் கை கோத்து நிற்கும் பிடி வீரர்களோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். பாடி வருபவர் எந்தப் பக்கம் போனாலும் சங்கிலி மொத்தமாக நகர வேண்டும். ஒருவர் மட்டும் பின்தங்கினால் சங்கிலிக்கே அர்த்தம் இல்லை. பார்சிலோனாவின் நால்வரும் அப்படித்தான். பந்து வைத்திருப்பவர் முதுகு காட்டினால் இரண்டு எட்டு முன்னே. பின்னோக்கிப் பாஸ் போனால் ஓடி ஏற்றம். தலை குனிந்தால், கால் பின்னால் தூக்கப்பட்டால், அந்த இடத்திலேயே நில், அல்லது இன்னும் ஓர் எட்டு முன்னே. யாரும் நெருக்காமல் ஒருவர் நிமிர்ந்த தலையோடு பந்தை வைத்திருந்தால், மறுபேச்சில்லாமல் திரும்பிக் கீழே ஓட வேண்டும். கோல் கிக் எடுக்கும்போதும் இறங்கியாக வேண்டும், ஏனென்றால் கோல் கிக்கில் இருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. இந்த வரிசையை அன்று வழிநடத்தியவர் 33 வயது இனிகோ மார்டினஸ். பக்கத்தில் நின்ற குபர்சிக்கு அப்போது வயது 17.

அரை விநாடி என்ன செய்யும் என்று பார்க்கலாம். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற ஒருவர் அரை விநாடியில் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் கடந்துவிடுவார். அதே அரை விநாடியில் தடுப்பாட்டக்காரர் ஓர் எட்டு முன்னே வைத்தால் இடைவெளி ஐந்தரை மீட்டர். எம்பாப்பே எப்போதும் போலச் சரியான நேரத்தில்தான் கிளம்பினார். பந்து கிளம்புவதுதான் தாமதமானது. பெட்ரி வந்து இடிக்க, கசாடோ காலை நீட்ட, பந்து வைத்திருந்தவர் இன்னொரு தொடுதல் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு தொடுதலுக்குள் எம்பாப்பே கோட்டைத் தாண்டியிருந்தார். வேகமான வீரருக்கு இது இன்னும் கொடுமை. மெதுவாக ஓடுபவர் தப்பித்துக்கொள்ளும் தாமதம் அவரை மாட்டிவிடும்.

இந்த யோசனை ஃபிளிக்கிடம் பிறந்தது இல்லை. 1987இல் ஏசி மிலானுக்கு வந்த அரிகோ சாக்கி தொழில்முறையாகக் கால்பந்து ஆடியவரே இல்லை. காலணி வியாபாரத்தில் இருந்தவர். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் 25 மீட்டருக்கு மேல் இடம் இருக்கக் கூடாது என்பது அவர் விதி. குல்லிட்டும் வான் பாஸ்டனும் இந்த ஒழுங்கெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தபோது ஒரு பந்தயம் கட்டினார். ஒரு பக்கம் கோல்கீப்பரும் தசோத்தி, கொஸ்தாகுர்தா, பரேசி, மல்தினி நால்வருமாக ஐந்து பேர். எதிரே குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், அன்செலோத்தி, தொனாதோனி உட்படப் பத்துப் பேர். 15 நிமிடத்துக்குள் ஒரு கோல் போட வேண்டும். பந்தை இழந்தால் தங்கள் பாதிக்குள் போய் மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பத்துப் பேராலும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 1989 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் அதே மிலான் தன் சொந்த மைதானமான சான் சிரோவில் 5-0 என்று வென்றது. அன்றும் தோற்றது ரியல் மாட்ரிட்தான்.

ஜெர்மனிக்கு இது வேறு வழியில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ரால்ஃப் ரங்னிக் என்ற இளைஞர் பாக்நாங் என்னும் சிற்றூரின் அணியில் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பயிற்சியாளர் லொபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் அணி ஒரு நட்பு ஆட்டத்துக்கு வந்தது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடத்தில், பந்து வெளியே போன இடைவெளியில், ரங்னிக் எதிரணி வீரர்களை எண்ணிப் பார்த்தார். பதினொரு பேருக்கு மேல் ஆடுகிறார்களோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. நல்ல பிரஸ்ஸிங்கின் நடுவில் நிற்பவருக்கு எப்படித் தோன்றும் என்பதை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. ரங்னிக்கின் தலைமுறை ஜெர்மன் கால்பந்தையே திருப்பிப் போட்டது. அந்த மண்ணில் வளர்ந்தவர் ஃபிளிக். 2020 ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் அவருடைய பயர்ன் மியூனிக் 8-2 என்று சிதறடித்தது வேறு எந்த அணியையும் இல்லை, பார்சிலோனாவை.

சாக்கிக்குப் பிறகு இந்த முறை கொஞ்ச காலம் மங்கிக் கிடந்ததற்கு விதிகளும் ஒரு காரணம். கடைசித் தடுப்பாட்டக்காரருக்குச் சமமாக நிற்பவர் ஆஃப்சைடு இல்லை என்று 1990இல் மாற்றினார்கள். ஆட்டத்தில் நேரடியாகத் தலையிடாதவரை, சும்மா நிற்பவரைக் கணக்கில் எடுக்காதே என்று 2005இல் விளக்கத்தைக் குறுக்கினார்கள். ஒருவர் பொய்யாக ஆஃப்சைடில் நிற்க, இன்னொருவர் பின்னால் இருந்து ஓடி வந்து பந்தை எடுப்பது சுலபமாயிற்று. பொறி வைக்கிறவருக்கு ஆபத்து கூடியது. இதோடு மனிதக் கண் வேறு. ஓட்டமும் உதையும் ஒரே கணத்தில் நடக்கும்போது லைன்ஸ்மேன் இரண்டையும் பார்க்க முடியாது. எவ்வளவு துல்லியமாக ஏறினாலும் கொடி தூக்கப்படாவிட்டால் கோல் கோல்தான்.

அந்தப் பயத்தை நீக்கியது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர். லா லீகாவில் 2024-25 சீசனில் பாதி தானாக இயங்கும் ஆஃப்சைடு தொழில்நுட்பமும் வந்தது. ஃபிளிக் பார்சிலோனாவுக்கு வந்த அதே சீசன். ஒரு விரற்கடை ஆஃப்சைடும் இப்போது பிடிபடும். பெர்னபேவில் எம்பாப்பே போட்ட அந்தக் கோல் 1995இல் போடப்பட்டிருந்தால் நின்றிருக்கலாம். ஹை லைன், அதாவது தடுப்பு வரிசையை முன்னே ஏற்றி நிறுத்தி, ஆடுகிறவருக்கு இயந்திரம் தந்த நம்பிக்கை சாதாரணமானது இல்லை என்பது என் எண்ணம். மாற்று வீரர்கள் ஐந்து பேர் என்ற 2020இன் விதி இன்னொரு உதவி. எழுபதாவது நிமிடத்தில் புதிய கால்களை இறக்கலாம்.

இதெல்லாம் இருந்தும் இது கோல் வாங்காத முறை இல்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. 2024-25இல் பார்சிலோனா லா லீகாவில் 102 கோல் போட்டுப் பட்டம் வென்றது, ஸ்பெயினின் நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரேயும் வென்றது, மாட்ரிட்டை நான்கு முறை சந்தித்து நான்கு முறையும் வீழ்த்தியது. 4-0, 5-2, 3-2, 4-3. அந்த நான்காவது ஆட்டத்தில் எம்பாப்பே மூன்று கோல் போட்டார். பதினைந்து நிமிடம்கூட முடியாத நிலையில் மாட்ரிட் 2-0 முன்னிலை. நாங்கள் வாங்குவதைவிட அதிகம் போடுவோம் என்ற பேரம் இது. ஓர் ஆட்டத்தில் அந்தப் பேரம் தலைகீழாகலாம் என்று தெரிந்தே செய்யும் பேரம்.

தலைகீழாகவும் ஆனது, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில். எதிரணி இன்டர் மிலான். முதல் ஆட்டம் பார்சிலோனாவில் 3-3; முப்பது விநாடியில் துராம் முதல் கோலைப் போட்டுவிட்டார். பிறகு ஆட்டம் சமநிலையில் இருந்தபோது மிகிதாரியன் போட்ட கோல் ஒரு கால்விரல் நுனியால் ஆஃப்சைடாகி ரத்தானது. அந்த நுனிதான் பார்சிலோனாவை இரண்டாவது ஆட்டம் வரை உயிரோடு வைத்தது.

இன்டரின் 3-5-2 இந்த முறைக்கு இயல்பாகவே தொந்தரவு. பின்னால் மூன்று சென்டர் பேக்குகள். லெவன்டோவ்ஸ்கியின் இடத்தில் ஆடுபவர் எவ்வளவு வளைந்து ஓடினாலும் ஓர் ஆள் மீந்துவிடுவார். அந்த ஆளை விங்கர் போய் நெருக்கினால், ஓரத்தில் டம்ஃப்ரீஸும் திமார்கோவும் தனியாகக் கிடைப்பார்கள். அவர்களை நெருக்க ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல் பேக் 30 மீட்டர் ஏற வேண்டும். ஏறினால் அவர் முதுகுக்குப் பின்னால் மைதானம் காலி. போதாக்குறைக்கு இரண்டாவது ஆட்டத்தில் குந்தேயும் பால்டேயும் காயத்தால் இல்லை. சான் சிரோவில் 21ஆவது நிமிடத்தில் வந்த கோலைப் பாருங்கள். தானி ஓல்மோவிடம் இருந்து திமார்கோ பந்தைப் பறித்தார். பார்சிலோனாவே தாக்கிக்கொண்டிருந்த நேரம். திமார்கோவை நெருக்க யாரும் அருகில் இல்லை. அவர் தலை நிமிர்ந்திருந்தது. வரிசைக்குப் பின்னால் ஓடிய டம்ஃப்ரீஸுக்கு ஒரே பாஸ், அங்கிருந்து லவுத்தாரோவுக்கு இன்னொன்று, கோல். அன்று கூடுதல் நேரத்தில் 4-3, மொத்தம் 7-6 என்று இன்டர் வென்றது. தடுப்பாட்டக்காரர்கள் மோசமாக ஆடினார்கள் என்று மறுநாள் எங்கும் பேச்சு. முதல் கோலுக்கு நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

2025 ஆகஸ்டில் இனிகோ மார்டினஸ் சவூதி அரேபியாவின் அல் நசருக்குப் போனார். வரிசையை ஏற்றவும் இறக்கவும் கத்திக்கொண்டிருந்த குரல் போயிற்று. அக்டோபர் முதல் வாரத்தில் செவியா 4-1 என்று வென்றது. பிறகு மறுபடி பெர்னபேவ். நாள், தற்செயலாக, அதே அக்டோபர் 26.

இந்த முறை ரஃபீன்யா காயத்தால் இல்லை, லெவன்டோவ்ஸ்கியும் இல்லை. தடை காரணமாக ஃபிளிக்கும் பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. முன்னால் முதலில் பாய்கிறவரும் இல்லை, பின்னால் வரிசையைப் பிடித்து நிறுத்துகிறவரும் இல்லை, ஆனால் வரிசை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. எம்பாப்பே போட்ட ஒரு கோல் வழக்கம்போல ஆஃப்சைடாகி ரத்தானது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் போன வருடம் நினைவுக்கு வந்திருக்கும்.

22ஆவது நிமிடம். நடுக்களத்தில் பெல்லிங்ஹாம் பந்தை வாங்கித் திரும்பினார். அவரை யாரும் இடிக்கவில்லை, யாரும் காலை நீட்டவில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டினார். எம்பாப்பே போன வருடம் கிளம்பிய அதே நேரத்தில்தான் கிளம்பினார். பந்தும் அவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். கொடி எழவில்லை.